பல்டி அடிக்கிற டிரக்குக்கு எந்த பேட்டரி? ஒரு பொம்மைக்குள்ள இருக்கிற 120 வருஷ வரலாறு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் ரிமோட் கன்ட்ரோல் ஸ்டன்ட் டிரக்குக்கு ஒரு பேட்டரி வேணும்னு கேட்டுப் பாருங்க. கடைக்காரர் நம்மளையே திருப்பிக் கேட்பார்: "நிக்கலா, லைப்போவா?" நம்மில் பாதிப் பேர் விலையைப் பார்த்து முடிவு பண்ணுவோம். மீதிப் பாதி, எது வேகமா ஓடும்னு கேட்டு முடிவு பண்ணுவோம்.

இன்னைக்கு எபிசோட்ல அந்த ரெண்டு வார்த்தையோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். கூடவே மூணாவது பதில் ஒண்ணும் இருக்கு. அதோட வேரைத் தேடிப் போனா, அடையாறு பக்கம் ஐஐடி வளாகத்துல ஆராய்ச்சி செய்த ஒரு தமிழர்கிட்ட போய் நிக்கும்.

பொம்மைக்கு எதுக்கு இவ்வளவு கவலைன்னு கேட்கலாம். 2016 செப்டம்பர்ல சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு விமானத்துல, மேலே பை வைக்கிற இடத்திலிருந்து புகை வந்தது. காரணம் ஒரு போன். 2022-ல நாடு முழுக்க மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடிச்ச செய்திகள் வரிசையா வந்து, மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்க வேண்டியதாச்சு. டிரக்குக்குள்ள போகிற லைப்போவும் லித்தியம் குடும்பம்தான். அதை நாம சார்ஜ் போடறது மயிலாப்பூர்லயோ தி.நகர்லயோ ஒரு ஃபிளாட்டுக்குள்ள, பெரும்பாலும் கட்டில் பக்கத்துல.

டேங்க் பெருசா, பைப் பெருசா?

முதல்ல ஸ்டன்ட் டிரக் என்ன கேட்குதுன்னு பார்ப்போம். ரேஸ் கார் ஒரே சீரா ஓடும். ஸ்டன்ட் டிரக் நிக்கும், திடீர்னு முன்சக்கரத்தைத் தூக்கும், பல்டி அடிக்கும், மறுபடி நிக்கும். ஒவ்வொரு தடவையும் மோட்டார் அந்த நொடியில எக்கச்சக்கமா கரண்ட் இழுக்கும்.

மொட்டை மாடி தண்ணி டேங்கை நினைச்சுக்கோங்க. பேட்டரி மேல போட்டிருக்கிற மில்லிஆம்பியர்-மணி கணக்கு டேங்க் எவ்வளவு பெருசுன்னு சொல்லும். ஆனா குழாயைத் திறந்ததும் எவ்வளவு வேகமா கொட்டும்னு தீர்மானிக்கிறது பைப்போட அகலம். பேட்டரியில அந்தப் பைப்தான் உள்தடை. தடை குறைஞ்சா கரண்ட் கொட்டும். ஸ்டன்ட் டிரக்குக்கு முக்கியமா வேண்டியது பைப்.

அடுத்தது எடை. ஜப்பானோட தமியா நிறுவனம் 1982-ல வைல்ட் வில்லின்னு ஒரு குட்டை ஜீப்பை வெளியிட்டது. 1987-ல லஞ்ச் பாக்ஸ்னு ஒரு வேன். ஆக்சிலரேட்டரை அழுத்தினா ரெண்டும் முன்னாடி தூக்கிட்டு நிக்கும். நீளம் குறைவு, உயரம் அதிகம், கனம் பின்பக்கம். அதுதான் ரகசியம். இந்த மாதிரி வண்டிகள்ல ரொம்ப கனமான பாகங்கள்ல ஒண்ணு பேட்டரி. அதனால பேட்டரி வகையை மாத்தினா எடையும் மாறும், வண்டி பல்டி அடிக்கிற விதமும் மாறும்.

டார்ச் லைட் செல் காலம்

ரேடியோ மூலமா ஒரு சின்ன வண்டியை ஓட்டிக் காட்டின முதல் ஆட்கள்ல ஒருத்தர் நிக்கோலா டெஸ்லா. 1898-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல, தண்ணித் தொட்டியில ஒரு குட்டிப் படகை ஓட்டிக் காட்டினார். அந்தப் படகுக்குள்ளயும் பேட்டரிதான். ஆக, ரிமோட் வண்டி பிறந்த நாள்லயே பேட்டரிப் பிரச்சினையும் கூடப் பிறந்தாச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். 1952-ல எவரெடிக்கு மெட்ராஸ்ல ஒரு டிரை செல் ஃபேக்டரி வந்தது. நிப்போ பேட்டரியைத் தயாரிக்கிற இந்தோ நேஷனல், 1970-கள்ல ஜப்பானோட மட்சுஷிட்டா கூட்டோட தொடங்கின சென்னை கம்பெனி. பேட்டரிக்கு நம்ம ஊர் ஒண்ணும் புதுசு இல்லை. ஆனா அந்த செல்கள் டார்ச் லைட்டுக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் செய்தது. கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் கொடுக்கிறதுதான் அதுங்களுக்குப் பழக்கம்.

ஒரு சின்ன கணக்கு போடலாம். ஒரு சாதா செல்லுக்குள்ள அரை ஓம் தடை இருக்குன்னு வைச்சுக்கோங்க. நாலு செல் போட்டா 6 வோல்ட், மொத்தத் தடை 2 ஓம். ரெண்டு முனையையும் நேரா ஒட்டினாக்கூட 3 ஆம்பியருக்கு மேல வராது. பெரிய ஸ்டன்ட் டிரக்கோட மோட்டார் கிளம்பும்போதே 10, 20 ஆம்பியர் கேட்கும். அந்தக் கால பொம்மை கார் தரைவிரிப்புல ஏறினதும் முனகிட்டு நின்னதுக்குக் காரணம் இதுதான்.

ஓஞ்சு போன செல்லை மொட்டை மாடி வெயில்ல காய வைப்பாங்களே, அதுக்குப் பின்னாடியும் அறிவியல் இருக்கு. சூட்டுல உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகமாகும், தடை கொஞ்சம் குறையும். செல்லுக்குப் புது உயிர் வராது. மிச்சம் இருந்தது இன்னும் கொஞ்ச நேரம் வெளியே வரும், அவ்வளவுதான்.

நிக்கல்: தண்ணியால வந்த நிதானம்

சுவீடன்காரர் வால்டமர் யுங்னர் 1899-லயே நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்கிட்டார். அதை நல்லா மூடி, கசியாத சின்ன செல்லா மாத்த இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான். ஆனா தடை ரொம்பக் குறைவு, திரும்பத் திரும்ப சார்ஜ் போடலாம். ஒயர் இல்லாத டிரில்லிங் மெஷினுக்கு இது வசதியா அமைஞ்சது. பொம்மை உலகமும் அதே செல்லை எடுத்துக்கிச்சு.

தமியாவோட முதல் ரிமோட் கார், போர்ஷே 934, வந்தது 1976-ல. அடுத்த பத்து வருஷத்துல ஆறு நிக்கல் செல்லை வரிசையா இணைச்ச 7.2 வோல்ட் பேக் இந்த உலகத்தோட பொது அளவா ஆயிடுச்சு. இன்னைக்கும் கடையில "தமியா கனெக்டர்"னு கேட்டா அந்த வெள்ளை பிளக்கை எடுத்துத் தருவாங்க.

காட்மியம் விஷ உலோகம். 2006-ல ஐரோப்பிய ஒன்றியம் சின்ன பேட்டரிகள்ல அதுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. அதுக்குள்ள மாற்று வந்தாச்சு. 1990-ஐ ஒட்டி சந்தைக்கு வந்த நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. கடைக்காரர் "நிக்கல்"னு சொல்றது இன்னைக்கு இதைத்தான். சும்மா வைச்சிருந்தாலே சார்ஜ் இறங்கிடும்ங்கிறது இதோட பழைய குறை. 2005-ல சான்யோ கொண்டுவந்த எனிலூப் மாதிரி செல்கள் அதையும் பெருமளவு சரி பண்ணிடுச்சு.

நிக்கல் ஏன் சாதுவா இருக்கு? உள்ளே இருக்கிற திரவம் தண்ணியில கரைச்ச காரம். அது எரியாது. மேல இரும்பு டப்பா. ஸ்டன்ட் டிரக் தலைகீழா விழுந்தாலும் தாங்கும். அதிகமா சார்ஜ் ஏறினா சுடும், வாயு வெளியே வரும். தீப்பிடிக்கிறது அபூர்வம். ஆனா அதே தண்ணியாலதான் வோல்டேஜை ரொம்ப ஏத்தவும் முடியாது. ஏத்தினா தண்ணி பிரிஞ்சு வாயுவாயிடும்.

லித்தியம்: தண்ணியை வெளியே தள்ளினவங்க

1970-கள்ல அமெரிக்காவுல எக்ஸான் எண்ணெய் நிறுவனத்துல ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டார். 1980-ல ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் குட்இனஃப் குழு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடை வைச்சு வோல்டேஜைக் கிட்டத்தட்ட 4 வரைக்கும் கொண்டுபோனது. 1985-ல ஜப்பான்ல அகிரா யோஷினோ அதை நம்பகமான பேட்டரியா மாத்தினார். 1991-ல சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூணு பேருக்கும் 2019-ல வேதியியல் நோபல்.

இங்க தண்ணி கிடையாது. பதிலா எரியக்கூடிய ஒரு கரிமக் கரைப்பான். அதே பொருளை மெல்லிய தாளா அடுக்கி, இரும்பு டப்பாவுக்குப் பதிலா அலுமினியப் பையில அடைச்சா அதுதான் லைப்போ. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். ரெண்டு செல் 7.4. பழைய ஆறு நிக்கல் செல் 7.2. அதனால மோட்டாரை மாத்தாமலே பழைய வண்டியில போட முடிஞ்சது. எடை குறைவு, பைப் ரொம்பப் பெருசு. 5000 மில்லிஆம்பியர்-மணி, "50 சி"ன்னு லேபிள் இருந்தா, காகிதக் கணக்குல 250 ஆம்பியர். லேபிள்கள் கொஞ்சம் பெருமை பேசும், ஆனாலும் டிரக் பறக்கும்.

விலை எங்கே கொடுக்கிறோம்? உள்ளே நேர் பக்கத்தையும் எதிர் பக்கத்தையும் பிரிக்கிற படலம் தலைமுடியைவிட மெல்லிசு. பல்டியில மோசமா விழுந்து பை நசுங்கினா ரெண்டும் ஒட்டிக்கலாம். அளவுக்கு மீறி சூடாகும்போது கோபால்ட் ஆக்சைடு தன்கிட்ட இருக்கிற ஆக்சிஜனையே வெளியே விடும். எரியற பொருளும் ஆக்சிஜனும் ஒரே பைக்குள்ள. அதனாலதான் அந்தத் தீயை மூடி அணைக்கிறது கஷ்டம்.

அடையாறிலிருந்து ஆஸ்டின்

இப்போ மூணாவது பதில். ஆறுமுகம் மந்திரம், 1951-ல தென் தமிழ்நாட்டுல அமரபுரங்கிற சின்ன கிராமத்துல பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்துல வேதியியல் பட்டங்கள், அப்புறம் ஐஐடி மெட்ராஸ்ல பிஎச்டி. மதுரையில சில வருஷம் பாடம் நடத்திட்டு, 1980-கள் நடுவுல ஆக்ஸ்ஃபோர்டுல குட்இனஃப்கிட்ட சேர்ந்தார். 1986-ல குட்இனஃப் டெக்சஸ் ஆஸ்டினுக்கு மாறினப்போ இவரும் கூடப் போனார்.

கோபால்ட் விலை அதிகம், கிடைக்கிறதும் குறைவு. இரும்பு மலிவு. ஆனா இரும்பு ஆக்சைடை வைச்சா வோல்டேஜ் போதாது. மந்திரமும் குட்இனஃபும் வெறும் ஆக்சிஜனுக்குப் பதிலா, கந்தகத்தோட ஆக்சிஜன் பிணைஞ்சிருக்கிற சல்ஃபேட் மாதிரி கூட்டு அயனிகளைப் போட்டுப் பார்த்தாங்க. 1987-லயும் 1989-லயும் கட்டுரைகள் வந்தது. அதே இரும்பு, ஆனா சல்ஃபேட்டோட சேர்ந்ததும் 3.6 வோல்ட். கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இறுக்கி இழுக்கிறதால, இரும்போட பிடிப்பு தளர்ந்து வோல்டேஜ் ஏறுது.

இதே வழியில போய், 1997-ல ஆஸ்டின்ல குட்இனஃப் குழுவுல அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் இரும்பு பாஸ்ஃபேட்டைக் கண்டுபிடிச்சாங்க. லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட், சுருக்கமா எல்எஃப்பி. இதுல பாஸ்ஃபரஸ் ஆக்சிஜனை விடாப்பிடியா பிடிச்சிருக்கு. சூடானாலும் கோபால்ட் மாதிரி சுலபமா விடாது. வோல்டேஜுக்காக செய்த மாற்றம் பாதுகாப்பையும் கூடவே கொண்டுவந்தது.

பொம்மைக்காரங்க இதைச் சீக்கிரமே மோப்பம் பிடிச்சாங்க. 2006 வாக்குல டிவால்ட் டிரில்லிங் மெஷின் பேக்குல ஏ123 கம்பெனியோட எல்எஃப்பி செல்கள் வந்தப்போ, பேக்கைப் பிரிச்சு செல்லை எடுத்து ரிமோட் விமானத்துலயும் கார்லயும் போட்டவங்க நிறைய. 2019 டிசம்பர்ல ஸ்டாக்ஹோம்ல, 97 வயசு குட்இனஃப் சார்புல நோபல் உரையை ஆற்றினது நம்ம மந்திரம்தான்.

அப்போ எதை வாங்கறது?

வண்டி பத்து வயசுப் பையனோடதா? நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வாங்குங்க. மெதுவா ஓடும், கனமா இருக்கும், சார்ஜ் ஏற நேரம் எடுக்கும். ஆனா விழுந்தாலும் மன்னிக்கும். அந்தக் கனம் பின்பக்கம் இருக்கிற வண்டியா இருந்தா, முன்சக்கரம் தூக்குறதுக்குக்கூட உதவும்.

நீங்களே ஓட்டறீங்க, வீட்டுக்குள்ள தீ பயம் குறைவா இருக்கணும், பேக் பல வருஷம் வரணும்னா எல்எஃப்பி. ரெண்டு செல் 6.6 வோல்ட்தான், வேகம் கொஞ்சம் குறையும். இதுலயும் கரைப்பான் எரியக்கூடியதுதான், அதனால அலட்சியம் ஆகாது. சார்ஜர்ல இதுக்குன்னு தனி முறை இருக்கணும்.

டிரக் அந்தரத்துல ரெண்டு சுத்து சுத்தணும்னா லைப்போதான். அப்போ கட்டாயம் கடினமான பிளாஸ்டிக் உறை போட்டது. செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தாதீங்க, 3 வோல்ட்டுக்குக் கீழ இறக்காதீங்க, ஓட்டாத நாட்கள்ல 3.8-ல வைங்க. சென்னை மே மாசத்துல மூடின காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. உப்பினதைத் திரும்ப சார்ஜ் போடாதீங்க. நீங்க தூங்கும்போது எந்த லைப்போவும் சார்ஜ்ல இருக்கக் கூடாது.

இன்னொண்ணு, இதான் ரொம்ப முக்கியம். நிக்கல் சார்ஜர்ல லைப்போவைப் போடவே போடாதீங்க. நிக்கல் பேட்டரி நிறைஞ்சதும் வோல்டேஜ் லேசா கீழே இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துதான் பல நிக்கல் சார்ஜர்கள் நிக்கும். லைப்போவுல அந்த இறக்கம் வராது. சார்ஜர் காத்துக்கிட்டே, ஏத்திக்கிட்டே இருக்கும்.

கெட்டுப்போன பேக்கைக் குப்பைத் தொட்டியில போடாதீங்க. 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி பழைய பேட்டரியை திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. வாங்கும்போதே கடையில, "பழசை எங்க கொடுக்கணும்?"னு கேட்டு வைச்சுக்கோங்க.

அடுத்த தடவை ரிச்சி ஸ்ட்ரீட்ல "நிக்கலா, லைப்போவா?"னு கேட்டா, "எல்எஃப்பி இருக்கா?"னு நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.