கணக்குக் கேட்க ஓர் ஆள்

ஆகஸ்ட் 6, 2001. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. காப்பகம் என்றால் ஏதோ கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். கீற்றுக் கொட்டகை. உள்ளே 40-க்கும் மேற்பட்டவர்கள். பலர் காலில் சங்கிலி. மாட்டப்படாதவர்கள் ஓடினார்கள். மாட்டப்பட்டவர்கள் கத்தினார்கள். அந்த இடத்தில் ராத்திரியில் யாராவது கத்துவது புதிதும் இல்லை.

உச்ச நீதிமன்றம் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கின் தலைப்பிலேயே ‘சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 25 பேர்’ என்று வரும். ஆனால் இறந்தவர்கள் 28. மற்ற மூன்று பேர் பிறகு இறந்தார்கள். தலைப்பை யாரும் திருத்தவில்லை. சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் 25-தான்.

ஏன் ஏர்வாடி? அங்கே ஒரு பழைய தர்கா. மனம் பேதலித்தவர்களைக் கொண்டுவந்து தங்க வைத்தால் குணமாகும் என்பது நம்பிக்கை. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் ஏராளமாக வருவார்கள். விளக்கெண்ணெய், தீர்த்தம், பிரார்த்தனை. கனவில் உத்தரவு வந்தால் ஊருக்குத் திரும்பலாம். வரும்வரை எங்கே தங்குவது? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் காப்பகங்கள் முளைத்தன. நம்பிக்கை தர்காவுடையது. வியாபாரம் கொட்டகைக்காரர்களுடையது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இந்த வியாபாரத்தின் அமைப்புதான் முதலில் கண்ணில் படுகிறது. ஓட்டலில் இட்லி புளித்திருந்தால் சாப்பிட்டவன் சத்தம் போடுவான். அவன்தான் காசும் கொடுக்கிறான். காப்பகத்தில் அப்படி இல்லை. பணம் அனுப்புகிறவர் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அனுபவிப்பவரோ சங்கிலியில். அவர் புகார் சொன்னால் யார் நம்புவார்கள்? அவரது புகாரே அவரது வியாதிக்கு அத்தாட்சி ஆகிவிடும். இதைவிடச் சௌகரியமான வாடிக்கையாளர் எந்தத் தொழிலில் கிடைப்பார்?

இந்தக் கூத்து ஏர்வாடியில் ஆரம்பித்ததும் இல்லை. 1794-லேயே சென்னையில் வாலண்டைன் கானலி என்ற கம்பெனி சர்ஜன் ஒரு பைத்தியக்கார விடுதி தொடங்கியிருக்கிறார். பின்னாளில் அது டால்டன் என்ற இன்னொரு சர்ஜன் கைக்குப் போய், ‘டால்டன் விடுதி’ என்றே பெயர் நிலைத்தது. ஆளின் பெயரில் ஆஸ்பத்திரி! கடைக்குப் பெயர்ப்பலகை மாறுவதுபோல. கீழ்ப்பாக்கத்தில் சர்க்காரின் பெரிய மனநல மருத்துவமனை வந்தது 1871-ல்.

சரி, சட்டம் இல்லையா? இருந்தது. 1912-ல் வெள்ளைக்காரன் போட்ட லூனசி சட்டம். அதைத் தூக்கிவிட்டு 1987-ல் நம் பாராளுமன்றம் போட்ட மனநலச் சட்டம். உரிமம் இல்லாமல் யாரும் மனநல இல்லம் நடத்தக் கூடாது என்றது அது. நடைமுறைக்கு வரவே 1993 ஆகிவிட்டது. அப்புறமும் எட்டு வருடம் ஏர்வாடியில் சங்கிலிகள் கிடந்தன. தீப்பிடித்த ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13-ம் தேதி, அத்தனை காப்பகங்களையும் மூடி, 500-க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. ஆக, ஒரு வாரத்தில் செய்யக்கூடிய காரியம்தான் அது.

இதே தமிழ்நாட்டில், இதே வியாதிக்கு, நேர் எதிரான ஒரு ஏற்பாடு அப்போதே 44 வருடமாக நடந்துகொண்டிருந்தது. வேலூரில்.

வேலூர் சி.எம்.சி. பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்தத் தெருக்களில் நோயாளியைவிடக் கூட வந்தவர்கள்தான் அதிகம். வங்காளத்திலிருந்து, அஸ்ஸாமிலிருந்து, எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தெல்லாம் வந்து லாட்ஜ் போட்டிருப்பார்கள். பெங்காலி மெஸ்ஸில் மீன் குழம்பு மணக்கும். ஊருக்கு வெளியே பாகாயத்தில் அந்த மருத்துவமனையின் மனநல மையம் 1957-ல் ஆரம்பமானது. தொடங்கியவர் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ். கனடாக்காரர். அங்கே ஒரு வழக்கம். நோயாளியை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும்.

அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் என்பவரும் 1950-களில் இதையேதான் செய்தார். அங்கே கூட்டம் தாங்கவில்லை. மைதானத்தில் கூடாரம் அடித்து, சொந்தக்காரர்களையும் அதில் தங்க வைத்துவிட்டார். மேல்நாட்டில் அப்போது வழக்கம் வேறு. பைத்தியம் என்றால் குடும்பத்திலிருந்து பிரித்துப் பெரிய மதிலுக்குள் போட வேண்டும்.

பாகாய ஏற்பாட்டை எல்லோரும் அன்பு, பாசம் என்ற கோணத்திலேயே புகழ்வார்கள். வாஸ்தவம்தான். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கூடத் தங்கும் அம்மாவோ அண்ணனோ, சம்பளம் இல்லாத ஆடிட்டர். இன்றைக்குச் சாப்பாடு வந்ததா, காயம் எப்படி ஏற்பட்டது, குளிப்பாட்டினார்களா, எல்லாம் அவர் கண் எதிரே நடக்கிறது.

முக்கியமாக மாத்திரை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் - நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் ஐந்து விஷயங்கள் இவை. இதில் ஒன்று தப்பினாலும் வினைதான். மனநோய்க்கான மருந்துகளில் சில, அளவு கூடினால் கை நடுங்கும், நாக்கு குழறும், ஆள் நாள் முழுக்கத் தூங்குவார். லித்தியம் கூடினால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள். “நேத்து வெள்ளை மாத்திரை குடுத்தீங்க, இன்னைக்கு மஞ்சளா இருக்கே சிஸ்டர்?” என்று கேட்க, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் போதும். கேட்க யாருமே இல்லாத இடத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதான்.

அதற்கு விலை உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்தில் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்யும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம். காலையில் அம்மா கம்பெனி வண்டி ஏறிவிடுவாள், அப்பா டேனரிக்கு. மனநிலை சரியில்லாத தம்பியோ, ஞாபகம் தப்பிய தாத்தாவோ வீட்டில் இருந்தால் யார் பார்ப்பது? வாரக்கணக்கில் ஒருவர் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் அத்தனை நாள் கூலி போச்சு. ஏர்வாடிக்கு ஆள் அனுப்பிய குடும்பங்களை ‘ஈவிரக்கம் இல்லாதவர்கள்’ என்று திட்டுவது சுலபம். அவர்களில் பலர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு வழி தெரியாமல் பஸ் ஏற்றியவர்கள்.

காப்பகம் நடத்துகிறவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரிய செலவு, ஆள் சம்பளம். ராத்திரிக்கு நாலு பேர் தேவைப்படும் இடத்தில் ஒருவரை வைத்துச் சமாளிக்க வேண்டுமானால், படுத்திருப்பவர்கள் எழுந்திருக்கக் கூடாது. அதற்கு இரும்புச் சங்கிலி ஒரு வழி. தூக்க மாத்திரை இன்னொரு வழி. பின்னது கண்ணுக்குத் தெரியாது, தழும்பும் விழாது. அமெரிக்கா பணக்கார நாடு. அங்கே முதியோர் இல்லங்களில் இந்த இரண்டுமே இருந்தன. நாம் மனநலச் சட்டம் போட்ட அதே 1987-ல் அவர்களும் ஒரு சட்டம் போட்டார்கள். கட்டிப்போடுவதும், வேலை செய்பவர்களின் சௌகரியத்துக்காக மருந்து கொடுத்து மயக்கி வைப்பதும் ஒன்றுபோலவே கூடாது என்றது அது. மாத்திரையையும் சங்கிலிக் கணக்கில் சேர்த்தார்கள். நமக்கு அந்த இடம் வர முப்பது வருடம் பிடித்தது. 2017-ல் நிறைவேறி அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்தைச் சொல்லி யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நோயாளி தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். போகலாம். மருத்துவமும் ஒரு சேவைதான், குறை இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் இடத்துக்கு அது பொருந்தாது. தர்ம ஸ்தாபனம் என்று பலகை மாட்டியிருந்தால் அங்கே ‘நுகர்வோர்’ என்று யாரும் கிடையாது. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-ல் சட்டம் போட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். சட்டத்துக்கு 21 வயது ஆனபிறகு பெயர் வைத்திருக்கிறார்கள்!

ஏர்வாடி வழக்கில் 2007-ல் காப்பக உரிமையாளர், அவர் மனைவி, உறவினர் இருவர் ஆகிய நான்கு பேருக்கு ஏழு வருடச் சிறை. கொட்டகை நடத்தியவர்கள் உள்ளே போனார்கள். எட்டு வருடம் உரிமத்தைப் பற்றிக் கேட்காதிருந்த கோப்புகளுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது.

பிப்ரவரி 2023. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம். ஒரு முதியவரை அங்கே சேர்த்திருந்தார்கள். பிறகு பார்க்கப் போனால் ஆள் இல்லை. பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கேயும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். போலீஸும் அதிகாரிகளும் உள்ளே போனார்கள். உரிமம் இல்லை. கட்டிவைத்தார்கள், அடித்தார்கள், பாலியல் கொடுமை செய்தார்கள் என்று வரிசையாகப் புகார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அந்த ஒரு மனுவால் 140-க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். தேடப்பட்ட பெரியவர் அவர்களில் இல்லை.