கிரிட்டிகல்: சலித்தெடுத்த ஒரு சொல்

ஐசியூ வாசலில் நிற்பவர், "கிரிட்டிகலா இருக்கார்" என்கிறார். கல்லூரிக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு ‘கிரிட்டிகல் திங்கிங்’ கற்றுத் தருவதாகப் பள்ளி விளம்பரம் சொல்கிறது. இரண்டு இடத்திலும் பொருள் வேறு, வேர் ஒன்று.

கிரேக்கத்தில் ‘க்ரினைன்’ என்ற வினைக்குப் பிரித்தல், தேர்தல், தீர்ப்பளித்தல் என்று பொருள். சல்லடையைக் குறிக்கும் லத்தீன் ‘க்ரீப்ரும்’ இதற்கு உறவுச் சொல். தீர்ப்பளிப்பவர் ‘க்ரிதேஸ்’, பிரித்தறிய வல்லவர் ‘க்ரிதிகோஸ்’, தீர்ப்பு ‘க்ரிசிஸ்’. நோய் தணியுமா முற்றுமா என்று முடிவாகும் கட்டத்தையும் ஹிப்போகிரட்டீஸ் வழி மருத்துவர்கள் ‘க்ரிசிஸ்’ என்றே அழைத்தார்கள். மருத்துவமனைக்குள் நுழைந்தது அந்தக் கிளைதான்.

மற்றொரு கிளை நூல்களைச் சீர்தூக்குவோரிடம் போனது. ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்திலேயே ‘கிரிட்டிகல்’ என்றால் குறை காண்பவன் என்ற பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘ஒத்தெல்லோ’வில் இயாகோ தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். 1781இல் காண்ட் தம் பெருநூலுக்கு ‘க்ரிட்டீக்’ என்று பெயர் வைத்தபோது பழைய பொருள் மீண்டது. அவர் பகுத்தறிவைக் குறை சொல்லவில்லை. அது எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்று எல்லை பிரித்தார்.

‘கிரிட்டிகல் திங்கிங்’ என்ற பெயருக்குப் பள்ளியில் இடம் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி. 1910இல் வந்த ‘நாம் சிந்திக்கும் விதம்’ என்ற நூலில், இத்தகைய சிந்தனையின் சாரமே தீர்ப்பை நிறுத்திவைப்பதுதான் என்றார் அவர். சிக்கல் இன்னதென்று விளங்கும்வரை விடைக்குப் பாயக்கூடாது. 1930களில் அமெரிக்காவில் நடந்த ‘எட்டாண்டு ஆய்வு’, ஏறத்தாழ 30 உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கல்லூரி நுழைவு விதிகளிலிருந்து விலக்கு வாங்கித் தந்தது. தேர்வுப் பாடத்திட்டம் கட்டிப்போடாத மாணவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை அளக்க ரால்ஃப் டைலர் குழு புதிய வினாத்தாள்களை உருவாக்கியது. அந்தப் பிள்ளைகள் கல்லூரியில் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை.

1941இல் எட்வர்டு கிளேசர், 12ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய சோதனையை நூலாக்கினார். தலைப்பிலேயே ‘கிரிட்டிகல் திங்கிங்’ இருந்தது. குட்வின் வாட்சனோடு சேர்ந்து அவர் அமைத்த தேர்வு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி சுவையானது. ஒரு செய்தியைக் கொடுத்து, அதிலிருந்து எடுத்த ஒரு முடிவையும் கொடுப்பார்கள். அந்த முடிவு உண்மை, உண்மையாகலாம், தரவு போதாது, பொய்யாகலாம், பொய் என ஐந்து விடைகள். நடுவில் நிற்கும் ‘தரவு போதாது’ டூயியின் கருத்தை அப்படியே வினாத்தாளில் ஏற்றிவிட்டது.

1980இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ‘கிரிட்டிகல் திங்கிங்’கைக் கட்டாயப் பாடமாக்கியது. அதன்பின் பெயர் உலகெங்கும் பரவியது.

தமிழில் அதை ‘விமர்சனச் சிந்தனை’ என்று எழுதுகிறோம். வடமொழியில் ‘விமர்சனம்’ தொட்டுத் தடவி ஆராய்வதைச் சொல்லும் வேரிலிருந்து வந்தது. ஆனால் பேச்சில், "என்னை விமர்சிக்காதே" என்றால் குறை சொல்லாதே என்பதுதான். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த சரிவு இதற்கும் நேர்ந்துவிட்டது. ‘ஆய்வு’ அவ்வளவு கெடவில்லை. கீரை ஆய்கிறவர் கீரையைத் திட்டுவதில்லை. வேண்டியது வேண்டாதது பிரிக்கிறார். தொல்காப்பிய உரியியலும் ‘ஆய்தல்’ என்பதற்கு நுணுகுதல் என்ற பொருளைத் தருகிறது.

‘தெரிதல்’ என்ற சொல்லின் கதை இதைவிடக் கூர்மையானது. திருக்குறளில் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என மூன்று அதிகாரங்கள் அச்சொல்லோடு தொடங்குகின்றன. அங்கே அது ஆராய்ந்து தேரும் செயல். இன்று நாம் ‘தெரியும்’ என்றால் அறிந்து முடித்துவிட்டோம் என்று பொருள். செயலைக் குறித்த சொல் முடிவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

நம் பிளஸ் டூ வகுப்புகளும் அந்த முடிவுக்குத்தான் மதிப்பெண் தருகின்றன. புதிய பாடப்பெயரை அட்டவணையில் சேர்ப்பதைவிட, ஒவ்வொரு பாடத்திலும் வாரம் ஒரு வினாவுக்காவது ‘இவ்வளவு தரவில் சொல்ல முடியாது’ என்பதைச் சரியான விடையாக வைக்கலாம். ஏன் முடியாது, இன்னும் என்ன தரவு வேண்டும் என்று மாணவர் எழுதினால் முழு மதிப்பெண். பல்கலைக்கழகத்தில் ஆய்வு என்று ஒன்றைத் தொடங்குகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த இரண்டு வரிகள்தான்.