ஆம்ப்ளிஃபையர்: கெயினும் பவரும்

உள்ளே வரும் சிக்னலின் வோல்டேஜை ஆம்ப்ளிஃபையர் எத்தனை மடங்காக்கி வெளியே அனுப்புகிறது என்ற கணக்குதான் கெயின். டெசிபெல்லில் சொல்வார்கள்: 20 டெசிபெல் என்றால் 10 மடங்கு, 40 டெசிபெல் என்றால் 100 மடங்கு. ஒலி சிதையாமல் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச வாட்தான் பவர். கெயின் கூடினால் பவரும் கூடிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ‘அசெம்பிள் செட்’ கட்டிக்கொள்ளும் வழக்கம் நகரத்திலும், மேற்கே பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி போன்ற புறநகர்களிலும் உண்டு. இத்தகைய செட்டுகளில் புழங்கும் இரண்டு ஐசிகளை ஒப்பிட்டாலே விஷயம் விளங்கிவிடும்.

சான்யோவின் எல்ஏ4440, கார் ஸ்டீரியோவுக்காக வடிவமைக்கப்பட்டது. 13.2 வோல்ட் சப்ளையில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 6 வாட் தரும். ஆனால் அதன் கெயின் 51.5 டெசிபெல், அதாவது சுமார் 375 மடங்கு. எஸ்டி நிறுவனத்தின் டிடிஏ7294, பிளஸ் மைனஸ் 35 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 70 வாட் தருகிறது. வழக்கமான சர்க்யூட்டில் அதன் கெயின் சுமார் 30.5 டெசிபெல், ஏறக்குறைய 33 மடங்குதான். பவர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள ஐசியில் கெயின் பத்து மடங்குக்கும் மேல்!

எல்ஏ4440 தன் 6 வாட்டை எட்ட 13 மில்லிவோல்ட் போதும். மொபைல் போன் சாதாரணமாகவே அதைவிடப் பல மடங்கு தரும். அதனால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதுமே செட் அலறும். ‘நல்ல பவர்’ என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மேலும் திருப்பினால் சத்தம் கூடாது, கிழியும். டிடிஏ7294 முழு பவரை எட்ட சுமார் 0.7 வோல்ட் வேண்டும். வால்யூமை அதிகம் திருப்ப வேண்டியிருப்பதால் அதைச் ‘சோப்ளாங்கி’ என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். வால்யூம் குமிழ் உள்ளே போகும் சிக்னலைக் குறைத்து விடும் கதவு மட்டுமே. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து வாட்டைச் சொல்ல முடியாது.

பவரை முடிவு செய்வது சப்ளை வோல்டேஜும், டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் கரண்டும், ஸ்பீக்கரின் ஓமும், ஹீட் சிங்க்கும்தான். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில், டயோடையும் கெப்பாசிட்டரையும் கடந்து கிடைப்பது பிளஸ் மைனஸ் 16, 17 வோல்ட். பிரிட்ஜ் முறையில் இணைக்காத ஆம்ப் இதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு 25 வாட்டைத் தாண்டுவது கடினம். அட்டைப்பெட்டியில் ‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று அச்சடித்திருந்தாலும் இதுதான் நிலை. பிஎம்பிஓ கணக்கிடப் பொதுவான அளவுகோலே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய பவரைக் குறிக்கும் ஆர்எம்எஸ் வாட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. 85 டெசிபெல் சென்சிட்டிவிட்டி (அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் எழுப்பும் சத்தத்தின் அளவு) உள்ள ஸ்பீக்கரை மாற்றி 91 டெசிபெல் ஸ்பீக்கர் வைத்தால், ஆம்ப்பின் வாட்டை நான்கு மடங்காக்கிய பலன் கிடைக்கும். காசு குறைவாக இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தேவைக்கு மேல் கெயின் இருந்தால் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். கிரவுண்டு வயரிங் சரியில்லாத செட்டில் ஹம்மிங்கும் பெரிதாகும். குறைந்த பவர் ஆம்ப்பை எல்லை மீறி ஓட்டும்போது அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதுவே கிளிப்பிங். அப்போது உருவாகும் கூடுதல் உயர் அதிர்வெண்கள், கீச்சொலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரின் மெல்லிய காயிலைச் சூடாக்கிப் பொசுக்கிவிடக்கூடும். 100 வாட் தாங்கும் ஸ்பீக்கர் பெட்டியிலும் 20 வாட் ஆம்ப்பால் ட்வீட்டர் கருகுவது இப்படித்தான்.