அமிலப் புட்டியில் ஒளிந்த கதிர்வீச்சு
ஓசூரில் மின்னணுத் தொழில் வேரூன்றி வருகிறது. அத்தொழிலில் தூசு நீக்கினால் மட்டும் போதாது என்பதற்கு வரலாறே சாட்சி. நினைவகச் சில்லுகளில் காரணமின்றி பிட்டுகள் மாறுவது, உறைப்பொருளில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் உமிழும் ஆல்பா துகள்களால்தான் என்று 1978இல் இன்டெல்லின் டிமத்தி மேயும் முர்ரே வுட்ஸும் காட்டினர். 1987இல் ஐபிஎம் சில்லுகளில் பிழைகள் பெருகின. தேடிப் போனால், சில்லுத் தயாரிப்புக்கான நைட்ரிக் அமிலப் புட்டிகளின் தூசை நீக்கிய கருவியிலிருந்து, ஆல்பா உமிழும் பொலோனியம்-210 கசிந்திருந்தது! மனிதருக்குக் கேடில்லாத சிற்றளவுதானே என்று கேட்கலாம். ஆனால் ஒரே ஆல்பா துகள் சிலிக்கானில் கிளப்பும் மின்னூட்டம் ஒரு பிட்டைப் புரட்டிவிடும். ஆகவே மனிதருக்கான பாதுகாப்பு வரம்பை அப்படியே சில்லுக்கும் வைப்பது தவறு. ஆல்பாவை ஒரு தாளே தடுத்துவிடும். அதனால் மாசைக் கண்டறிய, பரப்பைத் துடைத்த வடிதாளை உலர்த்தி, ஆல்பா எண்ணியை ஒட்டி வைத்துத்தான் அளக்க வேண்டும்.