ஆம் என்றால் இங்கே, இல்லை என்றால் அங்கே



புலமைப்பரிசில், நிவாரணம், ஜமாஅத் கணக்கெடுப்பு என்று எல்லாமே இப்போது ஒன்லைன் படிவத்தில்தான். சில படிவங்கள் நாம் கொடுக்கும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றுகின்றன. 'பிள்ளைகள் உண்டா?' என்பதற்கு 'இல்லை' என்றால், பிள்ளைகளின் வயதைக் கேட்பதில்லை. கணினி வந்த பிறகு பிறந்த வித்தை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் நிபந்தனை பார்த்து வழி பிரிப்பது நமக்குப் பழக்கமான விடயம்.

நமது வாரிசுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். கணவர் வபாத்தானால், அவருக்குப் பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இல்லையென்றால் நான்கில் ஒன்று. ஒவ்வொரு பங்கும் ஒரு கேள்விக்குப் பிறகே வருகிறது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜிப்ரா நூலின் பெரும் பகுதி இத்தகைய வாரிசுரிமை, மரண சாசனக் கணக்குகள்தான். 'அல்கோரிதம்' என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது.

1854இல் ஜோர்ஜ் பூல் 'ஆம்', 'இல்லை' என்பவற்றை 1, 0 என்று வைத்துச் சிந்தனைக்கே ஒரு கணிதம் எழுதினார். 1937இல் குளோட் ஷனன் என்ற மாணவர், மின்சுற்றுகளின் ஆளிகளை அதே கணிதத்தால் வடிவமைக்கலாம் என்று தமது முதுமாணி ஆய்வில் காட்டினார். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் கணினி மொழியின் 'இஃப்' கட்டளை, ஒரு கணக்கின் விடை பூச்சியத்துக்குக் குறைவா, பூச்சியமா, கூடவா என்று பார்த்து மூன்று வழிகளில் ஒன்றுக்கு அனுப்பியது. 'இல்லையெனில் 12ஆம் வினாவுக்குச் செல்க' என்று கடதாசிப் படிவங்களில் அச்சிட்டதும் இதே வேலைதான். இன்று கூகுள் படிவத்தில், விடைக்கேற்ற பகுதிக்கு அனுப்பும் வசதியை ஆசிரியர்களாகிய நாமே இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம்.

ஆனால் வழிகளை வகுப்பவர் எல்லாரையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையில்லாத ஒரு பெண் வபாத்தாகி, கணவரும் இரண்டு உடன்பிறந்த சகோதரிகளும் மட்டும் இருந்தால், கணவருக்கு இரண்டில் ஒன்று, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு. சொத்தைவிடப் பங்கு கூடிவிடுகிறது! உமர் (ரழி) அவர்களின் காலத்தில் இப்படி ஒரு பிரச்சினை வந்தபோது யாரையும் வெளியே தள்ளவில்லை. சொத்தை ஏழாகப் பிரித்து, கணவருக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் கொடுக்கும் முறை வந்தது. அதற்கு 'அவ்ல்' என்று பெயர்.

நமது படிவங்களில் அந்தக் கவனம் இருக்கிறதா? 'தந்தையின் தொழில்' என்ற கேள்விக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டுவிடுகிறோம். வாப்பா இல்லாத பிள்ளை அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஒரு கோட்டையோ புள்ளியையோ போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லாத நம்மவர்களும் அந்தப் பெட்டிக்கு முன்னால் தடுமாறுகிறார்கள்.

'தந்தை உயிருடன் உள்ளாரா?' என்று முதலில் கேட்டு, இல்லையென்றால் நேரே பாதுகாவலர் பகுதிக்கு அனுப்பினால் போதும். படிவத்தை ஊருக்கு அனுப்ப முன்னர், வாப்பாவை இழந்த பிள்ளையாகவும், தலாக் ஆன தாயாகவும் நினைத்து ஒவ்வொரு தடவை நாமே நிரப்பிப் பார்ப்போம். எங்கே சிக்கிக்கொள்கிறோமோ, அங்கே இன்னொரு வழியைத் திறந்துவிடுவோம்.