கல் இல்லாத பேய்கள்

பேய்க்கதை கேட்கும் ஆசையில் வரும் சொந்தக்காரப் பிள்ளைகளையும் என் பழைய மாணவர்களையும் பல்லேகலயில் பஸ் ஏற்றிக் கண்டிக்குக் கூட்டிப்போய், வெயில் தாழ்ந்ததும் நடக்க வைப்பேன். சரித்திரம் படிப்பித்தவன் நான். ஆண்டும் இடமும் இல்லாத கதையைச் சொல்லமாட்டேன்.

முதலில் போகம்பறை. அங்கே அக்காலத்தில் ஒரு குளம் இருந்தது. கண்டி அரசின் முதலமைச்சராயிருந்த எஹெலபொல அதிகாரம் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்ததற்காக, 1814-ல் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவர் பிள்ளைகளைக் கொன்று, மனைவியை அந்தக் குளத்தில் மூழ்கடித்தான். மறு ஆண்டே அவனும் பிடிபட்டு, 1832-ல் வேலூரில் காவலில் இறந்தான். அவனுடைய நாயக்கர் உறவினர் குடியிருந்த மலபார் வீதி இன்றும் இருக்கிறது.

அடுத்தது 1876-ல் திறந்த போகம்பறைச் சிறை. மயக்க மருந்தால் நினைவிழந்து கிடந்த மரணதண்டனைக் கைதி மருசிராவை 1975-ல் தூக்கிலிட்டது இங்கேதான். 2014-ல் சிறையை மூடிக் கைதிகளை எங்கள் பல்லேகலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆளில்லாத மதிலைப் பார்த்தாலே பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

தலதா மாளிகைக்குப் பின்னால், மேட்டில் இருப்பது ஆங்கிலேயப் படையினரின் பழைய மயானம். அதை மட்டும் கதவு பூட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் சேர்ப்பித்த ஜோன் டொய்லி 1824-ல் காய்ச்சலில் போய் இங்கே கிடக்கிறார். 1856-ல் காட்டு யானை கொன்ற ரொபர்ட்சனும் இங்கேதான். நான் அதிக நேரம் நிற்பது கப்டன் ஜேம்ஸ் மெக்ளாஷனின் கல்லருகே. வாட்டர்லூ உட்பட ஐரோப்பாவின் பெரும்போர்களில் உயிர் தப்பியவர், திருகோணமலையிலிருந்து காட்டுவழியே கண்டிக்கு நடந்து வந்து, 1817-ல் கொசுக்காய்ச்சலில் இறந்தார். வயது 26. அவர் கண்ட போர்க்களங்களின் பெயர்கள் வரிசையாகக் கல்லில் உண்டு.

"சேர், இங்க நம்ம ஆக்கள் யாரும் இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

இல்லை. ஆனால் மெக்ளாஷன் செத்த அதே காய்ச்சலில், அதே மாதிரிக் காட்டுவழியில் நம்மவர்கள் செத்தார்கள். 1837-ல் இலங்கைக்கு வந்த ரொபர்ட் பொய்ட் டைட்லர், ஜமேக்காவில் பழகிய கோப்பிப் பயிர் முறையை இங்கே கொண்டுவந்தார். அவர் பெயரோடு சேர்ந்து பேசப்படும் தோட்டம் பல்லேகல. அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை என்று 200 கிலோமீற்றருக்கு மேல் நடை. தண்ணீர் இல்லை, வைத்தியம் இல்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. நடக்க முடியாதவர் பாதையோரத்திலேயே விடப்பட்டார். 1840களில் இப்படி மாண்டவர் 70,000 பேர் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்தத் தொகை கூடக்குறைய இருக்கலாம் என்று வாதாடுவோர் உண்டு. அவர்களுக்குக் கல்லறைக் கல் ஒன்றும் இல்லை என்பதில் வாதமில்லை.

மிஞ்சி வந்து சேர்ந்தவர்கள் செத்தவர்களை மறக்கவில்லை. அகாலத்தில் போன உயிர் அலையும் என்று நம்பிய சனம், மரத்தடியில் கல்லை நட்டு, முனி என்றும் மாடன் என்றும் பெயர் சொல்லி, சுருட்டும் சாராயமும் படைத்துக் காவலுக்கு நிறுத்தியது. பின்னாளில் தேயிலை வந்ததும், கொழுந்து அரைக்கும் ரோதைக்கு ரோதைமுனி, செடி வெட்டும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி. எழுதப் படிக்க விடப்படாத சனம் தன் இறந்தோருக்கு எழுப்பிய நினைவுச்சின்னங்கள் இவை. பேய் என்று ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். எனக்கு அவை எங்கள் மயானப் பதிவேடு.

2023 ஜூலை 28-ல் தலைமன்னாரில் புறப்பட்டு, ஓகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடிந்தது தோட்டங்களுக்கு வந்தோரின் வழிவந்த மலையக மக்களின் 200 ஆண்டு நினைவு நடைபயணம். இறந்தவர்களின் பாதையில் அவர்களை நினைத்தே நடந்த அதைவிடப் பெரிய நடையை நான் அறியேன். கண்டியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டும் தம்பிமார் டொய்லி கதையோடு நிறுத்தக் கூடாது. மாத்தளை வீதியில் ஓரிடத்தில் வாகனத்தை நிறுத்தி, "இந்தப் பாதையோரமெல்லாம் மயானம்தான்" என்று சொல்ல வேண்டும். அங்கே அரசு ஒரு கல்லாவது நடவேண்டும். பெயர்கள் கிடைக்காவிட்டால் அவர்கள் புறப்பட்ட ஊர்களின் பெயர்களை எழுதலாம்: திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம்.