லாச்சிக்குள்ளே ஒரு வரலாறு

அலுமாரி என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து எங்களுக்கு வந்தது. லாச்சி ஒல்லாந்தரின் சொல். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்களின் பேச்சு இன்னும் எங்கட மேசைக்குள் கிடக்குது. லாச்சியை இழுக்கிற பிடிக்கும் ஒரு வரலாறு இருக்கு, முன்னுக்கு நின்று பார்த்தால் தெரியாது.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து லாச்சிகளில் கண்ணீர்த்துளி மாதிரிப் பித்தளைப் பிடிகள் தொங்கின. வடிவுதான். ஆனால் அவற்றைத் தாங்கியது ஒரு மடித்த கம்பி மட்டுமே. பலகைக்குள்ளால் விட்டு, உள்ளுக்குள் இரு முனையையும் விரித்து அடித்துவிடுவார்கள். இழுக்க இழுக்கக் கம்பி தளரும், பிடி கையோடு வரும். 18ஆம் நூற்றாண்டில், உள்ளே நட்டுப் போட்டு இறுக்கும் மரைத்தண்டு பரவிய பிறகுதான் பிடி நின்றுபிடித்தது. அரசர்களின் ஆண்டுகளைப் பாடமாக்கிய எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

பித்தளை செம்பும் நாகமும் கலந்தது. உப்புக்காற்றில் கறுக்கும், இரும்பைப்போல உக்காது. புளி போட்டுத் தேய்த்தால் திரும்பப் பளபளக்கும். இப்ப கடையில் தொங்கும் பல பிடிகள் நாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியவை. முலாம் உரிந்தால் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது.

எங்களில் ஒருவரின் அம்மம்மாவுடைய அலுமாரிக்கு விலை பேச ஆள் வந்தது. அவர் முதலில் தட்டிப் பார்த்தது பித்தளையைத்தான். அவர் போனபிறகு லாச்சியைக் கழற்றிக் கவிழ்த்தோம். நட்டு நாலும் இறுக்கமாகவே இருந்தன. அலுமாரி இன்னும் விற்கப்படவில்லை.